கைக்குள் சிப் போட்டுக்கொள்வதற்கு முன்

மொத்தச் செலவு 37,700 ரூபாய். பஸ் டிக்கெட்டையும், கடை பூட்டிக்கிடந்ததில் கைவிட்டுப்போன வேலைகளையும் இதில் சேர்க்கவில்லை. மூப்பையும் சாவையும் தள்ளிப்போட நினைப்பவர்கள் நடத்திய கூட்டத்துக்குக் கட்டணம் 14,500, கையில் போட்ட சிப்புக்கு 8,000, அதை வெளியே எடுத்த அறுவைச் சிகிச்சைக்கு 11,200, பரிசோதனைகளுக்கு 2,600, மருந்துக்கு 1,400. போட்டதைவிட எடுத்ததற்கு அதிகம் ஆனது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். தமிழில் தேடிப் பார்த்தேன், ‘சாகாவரம் சாத்தியமா?’ என்ற ரகத்தில்தான் கிடைத்தது. போனவர் ஒருவர் என்ன நடந்தது என்று எழுதியதாக ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிவி போர்டு, இன்வெர்ட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வருவதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முன்பு என்னிடம் வேலை பழகிய கல்லூரிப் பையன் ஒருவன் அந்த அறிவிப்பை அனுப்பினான். தை மாதத்தில் கொடைக்கானல் மலையில் சனி, ஞாயிறு இரண்டு நாள் டிரான்ஸ்ஹியூமனிஸ்ட் சந்திப்பு. அறிவியலைக் கொண்டு மூப்பையும் சாவையும் தள்ளிப்போடலாம், உடம்பையும் மூளையையும் கருவிகளால் வலுவாக்கலாம் என்று நம்புகிறவர்கள் இவர்கள். இது நேற்று முளைத்த கூட்டமும் இல்லை. ஜூலியன் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர் 1957-லேயே இந்தப் பெயரில் கட்டுரை எழுதிவிட்டார். 1998-ல் நிக் போஸ்ட்ரமும் டேவிட் பியர்ஸும் உலக அளவில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பையனும் உடன் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவனுக்குத் தேர்வுத் தேதி மாறிவிட்டது. “அண்ணா, நீங்கள் போய்விட்டு வந்து சொல்லுங்கள்” என்றான். கட்டிய பணம் திரும்பாது என்பது விதி. தனியாகக் கிளம்பினேன்.

வத்தலக்குண்டிலிருந்து அவர்களே வேன் ஏற்பாடு செய்திருந்தார்கள். நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். எங்கள் வேனுக்கு எடுத்த பாஸில் வேறு வண்டியின் எண் இருந்தது. சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது, பாஸ் தேவைப்படாத அரசு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களைக் கடந்து ஏறிப் போயின. அமைப்பாளர் வேன் அனுப்புவதாகச் சொன்னாலும் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். திரும்பி வருவதற்கும் யாரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. தங்கும் இடம் பெருமாள்மலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பக்கத்தில் மருந்துக் கடை கிடையாது, கைபேசிக்குச் சிக்னலும் வாசல் பக்கம் போனால்தான் கிடைக்கும். இந்த இரண்டு விஷயங்களையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதற்கு என்று பின்னால் புரியும்.

சனிக்கிழமை காலைப் பேச்சுகள் கொடுத்த பணத்துக்குத் தகுந்தவை. அதை மறைத்து எழுத மனம் வரவில்லை. உயிரியல் படித்த ஒருவர் மூப்பு என்றால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். ராபமைசின் என்ற மருந்து ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது, அது எலிகளின் ஆயுளைக் கூட்டியது 2009-ல் உறுதியானது, மனிதர்களுக்கு அதைக் கொடுப்பது முக்கியமாக மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்காக என்றெல்லாம் சொன்னார். எலிக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவர் ஒரு இடத்திலும் குறைத்துச் சொல்லவில்லை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் ஆயுள் நீட்டிப்பு வியாபாரத்தைப் பற்றி எவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். உணவு இடைவேளையில் வேறு ஒருவர் அதே ராபமைசின் மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் கைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒன்றாம். எனக்கும் ஒரு துண்டு அட்டை வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் உடலை உறையவைப்பது பற்றிய பேச்சு. இரண்டு நாளில் இதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கரின் உடலை முதன்முதலாகப் பாதுகாத்து வைத்தார்கள். இன்னும் வைத்திருக்கிறார்கள். அரிசோனாவில் உள்ள ஆல்கோர் என்ற அமைப்பில் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், உடல்கள் இருக்கின்றன. முழு உடலுக்குச் சுமார் இரண்டு லட்சம் டாலர். நூறாவது வயதை 2030-ல் தொட்டுவிடுவேன் என்ற நம்பிக்கையில் எஃப்.எம்-2030 என்றே பெயரை மாற்றிக்கொண்ட ஒருவர், 2000-ல் கணையப் புற்றுநோயில் இறந்து அங்கேதான் இருக்கிறார். இதையெல்லாம் பேச்சாளர் ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லி முடித்ததும், பின்வரிசையில் இருந்த ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் எழுந்தார். “தம்பி, அப்படியென்றால் என் பிள்ளைகள் கருமாதியை எப்போது செய்வது?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “திரும்பி வரப்போகிறவனுக்குக் காரியம் செய்தால் குற்றம், செய்யாமல் விட்டால் ஊர் பேசும். சரி, அதை விடுங்கள். மருத்துவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்த பிறகுதானே உறையவைப்பீர்கள்? அப்புறம் என் தோட்டம் யார் பெயருக்குப் போகும்? நான் எழுந்து வந்தால் பம்புசெட் ரூமில் படுத்துக்கொள்வதா?” பேச்சாளரிடம் அறக்கட்டளை வைக்கலாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சட்டப்படி இறந்தவர் என்று அறிவித்த பிறகே அந்த வேலை தொடங்கும் என்பதும், தொடங்கினால் நிமிடக் கணக்கில் நடக்கவேண்டும் என்பதும் அவர் வாயாலேயே வந்தன. மலைப்பாதை வளைவில் ஒரு கேரட் லாரி மக்கர் செய்தால் எத்தனை மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் மாலையில் உறுப்பினர் படிவம் சுற்றுக்கு வந்தது. ‘ஆலோசனைக் கட்டணம்’ 5,000 ரூபாய். யாருடைய ஆலோசனை, எதற்கு என்று படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பணம் கணக்கில் இல்லாததற்குக் காரணம் பெரியவர்தான்.

இன்னொரு கேள்வி பெரியகுளத்து ஆசிரியை ஒருவர் கேட்டது. அவருடைய மகனுக்குச் சின்ன வயதிலேயே, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தியிருக்கிறார்கள். மேடையில் இருந்தவர்கள் எதிர்காலத்தில் வரப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த இயந்திரமும் உடம்பும் சேர்ந்த வாழ்க்கையை அவர் வீட்டில் தினமும் பார்க்கிறார். “சார், வெளியே மாட்டும் பிராசஸர் பழுதானால் என்ன செலவு, உதிரிபாகம் வர எத்தனை நாள், அதுவரை பிள்ளை வகுப்பில் என்ன செய்வான் என்று எங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லும் கருவிகளுக்கு இதெல்லாம் யார் செய்வார்கள்?” என்றார். எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. பார்வை இழந்தவர்களுக்காக ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை ஒரு நிறுவனம் விற்றது. முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் நொடித்ததும் கண்ணுக்குள் இருந்த கருவிக்குச் சர்வீஸ் செய்ய ஆளில்லாமல் போயிற்று. டிவியாக இருந்தால் என் கடைக்குக் கொண்டு வந்துவிடலாம். உடம்புக்குள் எதையாவது வைப்பதாக யார் சொன்னாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அந்த ஆசிரியை கேட்டதுதான்: இது பழுதானால் சர்வீஸ் யார்? வெளியே எடுப்பது யார், எங்கே, எவ்வளவுக்கு?

மாலையில் கடைகள் விரித்தார்கள். உடம்பின் செல்களில் இருக்கும் என்ஏடி என்ற பொருளை டிரிப்பில் ஏற்றுகிறேன் என்று ஒருவர் தங்கும் அறையிலேயே கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார். ஸ்டெம் செல் சிகிச்சைக்கு முன்பதிவு செய்ய ஒரு மேசை. ரத்த நோய் போன்ற சிலவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கவேண்டும், சிகிச்சையாக விற்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிமுறையே சொல்கிறது. அந்த மேசைக்குத்தான் கூட்டம் அதிகம். மூலையில் ஒருவர் ரசமணி விற்றார், பாதரசத்தைக் கட்டினால் உடம்பைக் கட்டலாம், பழனியில் போகர் நவபாஷாணத்தில் செய்து காட்டியதுதான் என்று. எதற்கெடுத்தாலும் ‘இதை நம் சித்தர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்’ என்று முடிக்கும் பேச்சு எனக்கு அலுத்துவிட்டது. அதிலும் கொடைக்கானலில் வந்து பாதரசம் விற்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பாதரசக் கழிவை வெளியே கொட்டியதால் 2001-ல் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையே மூடப்பட்ட ஊர் இது.

சிப் மேசைக்கு நான் போனது விஷயம் தெரிந்துதான். 2 மில்லிமீட்டர் தடிமன், 12 மில்லிமீட்டர் நீளம், பாஸ்மதி அரிசி மாதிரி ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே என்டேக் 216 என்ற சிப்பும் செம்புக் கம்பிச் சுருளும். பேட்டரி கிடையாது. கைபேசியை ஒட்டிப் பிடித்தால் அதிலிருந்து வரும் மின்காந்த அலையில் உயிர் பெற்றுப் பதில் சொல்லும். ‘உங்கள் மருத்துவ வரலாறு முழுவதும் உங்கள் கையில்’ என்று பலகை வைத்திருந்தார்கள். இதில் நாம் எழுதக்கூடிய இடம் 888 பைட். தமிழில் ‘கோ’ என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட் போய்விடும். என் சர்க்கரை மாத்திரையின் பெயரையும் மனைவியின் கைபேசி எண்ணையும் எழுதலாம், வரலாறு எழுத முடியாது. இன்னொன்று, அலுவலகக் கதவு, விடுதிக் கதவு எல்லாம் இதில் திறக்கும் என்று நம்பாதீர்கள். பல பூட்டுகள் 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை, இது 13.56 மெகாஹெர்ட்ஸ். ஒரே அலைவரிசையாக இருந்தாலும் அட்டைக்குள் இருக்கும் ரகசியக் குறியீட்டை இந்தச் சிப்பில் நகலெடுக்க முடியாது. எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் என் கடை ஷட்டருக்கு நானே ஒரு ரீடர் செய்து வைத்திருந்தேன். சாவி இல்லாமல் கையைக் காட்டித் திறக்கவேண்டும் என்பது பல வருட ஆசை.

போட்டவர் மருத்துவர் இல்லை. காது, மூக்கு குத்தும் தொழிலில் இருப்பவர், வெளிமாநிலத்துக்காரர். ஊசிப் பொட்டலத்தை என் கண் முன்னால்தான் கிழித்தார். ஆனால் எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்குப் போட்ட அதே கையுறையோடு என் இடது கையைப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கிள்ளித் தூக்கி, சைக்கிள் ஸ்போக்கைவிடத் தடித்த ஊசியை உள்ளே விட்டார். ‘கையுறையை மாற்றுங்கள்’ என்று சொல்ல வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ரத்தம் பட்ட பஞ்சு, காப்பிக் கோப்பைகள் கிடந்த குப்பைக் கூடையில் விழுந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றைப் புரட்டியது. ஆனால் கைபேசியைக் கைமேல் வைத்து அது ‘டிங்’ என்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தையும் சொல்லவேண்டும். அன்றிரவு தூங்காமல் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு விடியற்காலையில் ஐஸ் குளியல். நிகழ்ச்சி நிரலில் இதை எல்லாரும் செய்வது போலப் போட்டிருந்தார்கள். புதிய காயம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, ‘குளிர் வீக்கத்தைக் குறைக்கும்’ என்றார்கள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர், அத்தனை பேரும் அதில்தான். குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்கும்போது மூச்சு தானாக இழுக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இதயக் கோளாறு இருப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகூட அங்கே கிடையாது. மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கும் வரிசையில் ‘நான் வரவில்லை’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். சொல்லிவிடலாம், யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். ஒட்டன்சத்திரத்துப் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது கை விண்ணென்று தெறித்தது. அடுத்து வந்த நாட்களில் உள்ளங்கை வரை சிவந்து வீங்கியது, சீழ் கோத்தது. சால்டரிங் இரும்பைப் பிடிக்கும் வலது கை தப்பித்தது, ஆனால் போர்டை அழுத்திப் பிடிக்க இடது கை வேண்டுமே. தெருமுனைக் கிளினிக்கில் டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். வடிந்தது, மறுபடியும் வந்தது. மனைவியிடம் ‘டிவி கேபினட் தகடு கிழித்துவிட்டது’ என்று சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை. எக்ஸ்ரேயில் அந்தக் குப்பி பளிச்சென்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை மருத்துவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, “இதை நாய்க்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்” என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைக் காட்டினேன். படித்துவிட்டு, “இதைச் சாப்பிட்டீர்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நோய் எதிர்ப்பைக் குறைக்கும், காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் மருந்து இது, காயத்தோடு இருக்கும் ஆளுக்கு யார் கொடுத்தது என்று கோபப்பட்டார். கையை மரக்கவைத்துக் கீறி எடுத்தார். நரம்பும் தசைநாரும் நெருங்கி ஓடும் இடம், வீட்டில் பிளேடால் கீறி எடுக்கப் பார்க்கவேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன். காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. நாமாக விரும்பிச் செய்துகொண்டதன் விளைவுக்குப் பாலிசியில் இடமில்லையாம்.

இன்னொரு தகவல் பின்னால் தெரிந்தது. அடையாளத்துக்காக நாய்களுக்குப் போடும் சிப் குப்பியில் அது உள்ளே நகராமல் இருக்க ஒரு மேற்பூச்சு இருப்பதுண்டு, திசு அதைக் கவ்விக்கொள்ளும், எடுப்பது சிரமம். மனிதர்களுக்கென்று முறையாகச் செய்து விற்பவர்கள் அந்தப் பூச்சைத் தவிர்க்கிறார்கள். என்னுடையது எந்த வகை என்று தெரியவில்லை. பொட்டலத்தில் தயாரிப்பு எண்ணும் தயாரித்தவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் உடம்பில் உலோகம் உண்டா என்று கேட்பார்கள். அப்போது காட்டுவதற்கும் அந்தப் படம் வேண்டும்.

இதில் எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது அந்தக் கையுறை. கை ஆறிக்கொண்டு வந்த நாட்களில்தான் இரவில் அந்த நினைப்பு வரத் தொடங்கியது. எனக்கு முன்னால் உட்கார்ந்த பெண்ணின் ரத்தம் அதில் இருந்திருந்தால்? யாரிடமும் பேச முடியவில்லை. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்துகொண்டே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். எச்.ஐ.வி. பரிசோதனை அங்கே இலவசம், ரகசியமும் காப்பார்கள். ஆலோசகர் என்னைவிட இளையவர். சிப் என்றதும் ஒரு நிமிடம் விழித்தார், அப்புறம் சிரிக்காமல் முழுவதையும் எழுதிக்கொண்டார். ஊசி புதியது என்பதால் ஆபத்து மிகக் குறைவு என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிறருடைய ரத்தம் பட்டுவிட்டது என்ற சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடவேண்டும், தடுப்பு மருந்து தொடங்க அதுதான் கெடு, முன்னால் வந்தால் இன்னும் நல்லது என்றார். நான் அந்தக் கெடுவையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தேன். ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையும் செய்துகொண்டேன். அதற்குத் தடுப்பூசி உண்டு, இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் முன்பே போட்டுக்கொள்ளலாம். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கவேண்டும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். நம்பிக்கை மையத்திலிருந்து திரும்பி வந்த அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அதே கையுறைதானே, அவளுக்கு முன்னால் யார் இருந்தது, அவளிடம் யார் சொல்வது என்று கேட்டாள். எனக்குத் தோன்றாத கேள்வி அது.

பணத்தைத் திரும்பக் கேட்டால் கிடைக்குமா என்று பார்த்தபோது இன்னொரு சிக்கல். எனக்குக் கொடுத்த ரசீதில் ‘நன்கொடை’ என்று இருக்கிறது. சிப்புக்குக் கொடுத்த 8,000-க்கு ரசீதே இல்லை. எதற்குப் பணம் வாங்குகிறார்களோ அதை ரசீதில் எழுதி வாங்குங்கள், சேவைக் கட்டணமா, பொருளா என்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாமே மனு எழுதிப் போடலாம். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அன்று சிப் போட்டுக்கொண்ட அனைவருக்கும் கையுறை விஷயத்தைத் தெரிவித்துப் பரிசோதனை செய்யச் சொல்லவேண்டும், சிப்பின் தயாரிப்பு எண்ணைத் தரவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன், பணத்தைப் பற்றி எழுதவில்லை. வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அடுத்த சந்திப்பு குன்னூரில், எனக்குப் பாதிக் கட்டணமாம். கேட்ட இரண்டுக்கும் பதில் இல்லை என்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.